ஆட்டைக் கடித்தது நரியா, நாயா? கொட்டிலைத் திருத்த முதல் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் மிருசுவில் பக்கம் எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) காணியில் பதினான்கு ஆடு வைத்திருக்கிறீர்கள், மூன்று கிழமைக்குள் மூன்று குட்டிகள் போய்விட்டன, ஒரு தாயாடு பின்தொடையும் காதும் கிழிந்து கிடந்தது, அயலில் எல்லோரும் நரி என்கிறார்கள். நரிக்கு மருந்து வைக்கலாமா, நல்ல சாதி நாய் ஒன்று வாங்கலாமா, ஒன்றும் சரிவராவிட்டால் ஆடுகளை விற்றுவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து, நாய், விற்பனை மூன்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருக்கிற ஆடுகளை இன்று இரவு முதல் எப்படிக் காப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியும். ஆனால் அதற்கு முதல், கடித்தது எது என்று தெரிய வேண்டும். தெரியாமல் செலவழித்தால் காசு ஒரு பக்கம் போகும், ஆடு இன்னொரு பக்கம் போகும்.

நான் கால்நடை அபிவிருத்தி போதனாசிரியராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போதும் வீட்டில் சில வெள்ளாடுகளும் செம்மறிகளும் நிற்கின்றன. மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் வலிகாமம் வடக்கில், பற்றை மண்டிக் கிடந்த காணிகளுக்குத் திரும்பி வந்த குடும்பங்களுக்கு வாழ்வாதாரமாக ஆடுகள் கொடுத்தார்கள். அந்த ஆடுகள் சாகத் தொடங்கியபோது எங்களுக்கு வந்த முறைப்பாடுகளில் முக்கால்வாசியும் "நரி பிடிச்சிட்டுது" என்றுதான் வந்தன. இரவில் ஊளை கேட்டிருக்கும், விடியப் பார்த்தால் ஆடு செத்துக் கிடக்கும், இரண்டையும் சேர்த்து முடிவெடுத்துவிடுவார்கள். போய், செத்த ஆட்டின் தோலை உரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நாய்க்கடி. ஒருமுறை நானும் உரிக்காமல், ஊளையை நம்பி நரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா கடன் பட்டுப் பின்பக்க வேலியைத் திருத்தினார். ஆடுகளைக் கடித்த நாய்கள் முன்படலைக்குக் கீழே இருந்த இடைவெளியால்தான் வந்துபோயிருக்கின்றன. அடுத்த கிழமையே மிச்ச இரண்டு ஆடும் போயின. அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை. அதனால் உங்கள் விஷயத்திலும் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சந்தேகமானதையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது தாயாடு. பின்தொடையில் கடி, காது கிழிசல், ஆனால் சதை தின்னப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நாய். நாய் துரத்திக் கடிக்கும். எது வாயில் அகப்படுகிறதோ, தொடை, வால், காது, விலா, அதைப் பிடித்து இழுக்கும். ஒன்றை முடித்துத் தின்னாமல் அடுத்ததுக்குப் போகும். ஐந்து ஆடு கடிபட்டு ஒன்றும் தின்னப்படாமல் கிடந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இது பசியால் வருவதும் இல்லை. ஓடுகிற ஒன்றைக் கண்டதும் நாய்க்குள் கிளம்புகிற வேகம் அது, வீட்டில் வயிறு நிறையத் தின்கிற நாயும் செய்யும். பகலில் வாசற்படியில் படுத்துப் பிள்ளைகளோடு விளையாடுகிற நாய், விடியப்புறம் ஒழுங்கையில் இன்னும் இரண்டு நாய்களோடு சேர்ந்தால் வேறு நாய் ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் சத்தியம் பண்ணுவார், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டு நாயையும் விட்டுவிடாதீர்கள். ஆடு கடிபட்ட அன்று விடியவே அதன் வாயைத் திறந்து பல்லிடுக்கில் மயிர் இருக்கிறதா, நெஞ்சில் இரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகமானது குட்டிகள். ஒன்று கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது, இரண்டு காணாமலே போயின என்கிறீர்கள். தென்மராட்சியில் நரி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நரி பத்துக் கிலோ அளவான விலங்கு, எலி, நண்டு, பழம், செத்தது எல்லாம் தின்று வாழ்வது. பெரும்பாலும் சோடியாகத் திரியும். முப்பது கிலோ தாயாட்டோடு மல்லுக்கட்டுவது அதற்கு அரிது. பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட குட்டிதான் அதற்குத் தோது. கழுத்தையோ தொண்டையையோ பிடிக்கும், வயிற்றுப் பக்கமாகத் திறந்து ஈரல் குடலைத் தின்னும், சின்னக் குட்டி என்றால் தூக்கிக்கொண்டே போய்விடும். ஆகவே கழுத்துக் கடியோடு கிடந்த குட்டி நரியாக இருக்கலாம், சிறிய நாயாகவும் இருக்கலாம். பல்லிடைவெளியை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். காணாமல் போன இரண்டுக்கும் இன்னும் இரண்டு பேரைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று, வெங்கணாந்தி என்று நாங்கள் சொல்லும் மலைப்பாம்பு. இரத்தம் இருக்காது, இழுபட்ட தடம் இருக்காது, மாரியில் பற்றைக்குப் பக்கத்துக் கொட்டில்களில் இது நடக்கும். மற்றது, இரண்டு காலில் வருகிற கள்ளன். கட்டியிருந்த கயிறு மிச்சம் இருந்தால் அதன் முனையைப் பாருங்கள். கத்தி வெட்டிய முனை நேராக இருக்கும், கடித்து அறுத்தது பிசிறாக இருக்கும்.

புலி என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிறுத்தை வன்னிக் காடுகளில் இருக்கிறது, 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த ஒன்றை ஆட்கள் அடித்துக் கொன்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் சிறுத்தை பிடித்தால் தொண்டையில் ஒரே பிடி, பிறகு மறைவுக்கு இழுத்துக்கொண்டு போகும். காதைக் கிழித்துவிட்டு ஆட்டை விட்டுப் போகாது. உங்கள் ஆட்டில் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. காட்டுப்பூனை வளர்ந்த ஆட்டைக் கொல்லும் அளவு விலங்கே அல்ல. ஓநாய், செந்நாய் போன்றவை இலங்கையிலேயே இல்லை.

இனி ஒரு குட்டி செத்துக் கிடந்தால், மனம் பாரமாக இருக்கும்தான், என்றாலும் கையுறை போட்டுக்கொண்டு கழுத்திலும் தொடையிலும் தோலை உரித்துப் பாருங்கள். கடித்த இடத்துக்குக் கீழே சதை கறுத்து இரத்தம் உறைந்திருந்தால் உயிரோடு இருக்கும்போது கடிபட்டது. பல் ஓட்டை மட்டும் இருந்து சதை வெளிறிக் கிடந்தால், அது முதலே செத்துவிட்டது, பிறகு வந்து ஏதோ தின்றிருக்கிறது. இந்த வேறுபாடு பெரியது. ஏனென்றால் குளிரிலும் கழிச்சலிலும் சாகிற குட்டிகளுக்கும் நரிதான் பழி சுமக்கிறது, அதனால் நோய்க்கு மருந்து செய்யாமல் வேலிக்குச் செலவு செய்கிறார்கள். புதிதாகப் பிறந்த குட்டி என்றால் குளம்பின் அடியைப் பாருங்கள். மெத்தென்ற சவ்வு தேயாமல் இருந்தால் அது எழுந்து நடக்கவே இல்லை. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால், மூச்சு விட்ட குட்டியினது மிதக்கும், விடாததினது தாழும். வயிற்றில் பால் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இதெல்லாம் பத்து நிமிட வேலை.

தடம் பார்ப்பது இன்னும் சுலபம். படலையடியிலும், வேலியில் பொட்டு (ஓட்டை) இருக்கிற இடங்களிலும் பின்னேரம் கொஞ்சம் மணல் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாறால் கூட்டி விடுங்கள். காலையில் யார் வந்தது என்று மணல் சொல்லும். நரியின் பாதம் நாயினதைவிட ஒடுங்கி நீண்டிருக்கும், நடுவிரல் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டிப் பிறந்தவை, ஈரமணலில் தெளிவாகப் பதிந்தால் அது தெரியும். நாயின் விரல்கள் தனித்தனியாக இருக்கும். மூன்று இரவு செய்தால் போதும்.

சரி, இப்போது காவலுக்கு வருகிறேன். எட்டுப் பரப்பையும் சுற்றிக் கம்பி வலை அடிப்பது உங்கள் கைக்கு எட்டாது, தேவையும் இல்லை. இரவில் ஆடு நிற்கிற கொட்டிலை மட்டும் பலப்படுத்துங்கள். ஒரு தாயாட்டுக்குப் பன்னிரண்டு சதுர அடி என்று வைத்தால், உங்கள் பதினான்குக்கும் பத்துக்குப் பதினெட்டு அடிக் கொட்டில் தாராளம். கூரை வரைக்கும் வலை போகட்டும், அப்போது வேலியின் உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை. கூரை எட்டாத திறந்த பட்டி என்றால் குறைந்தது ஐந்தடி வேண்டும். தகரத்தால் நாலு பக்கமும் மூடாதீர்கள், எங்கள் வெயிலுக்கு ஆடு உள்ளேயே வெந்துபோகும், மூத்திர வாடையால் சுவாச நோயும் வரும். வலைக்கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண் என்றால் கொம்பு மாட்டிக்கொள்ளும், வெளியில் நிற்கிற நாய் காலைப் பிடித்து இழுக்கும். குட்டிகளுக்கு உள்ளே ஒரு மூலையில் தனிக் கூடு, அதற்கு அரை அங்குல வலை. வெங்கணாந்திக்கும் அதுதான் மறிப்பு.

ஆனால் நாயும் நரியும் மேலால் வருவது குறைவு. அடியால்தான் வரும். நான் பார்த்த கொட்டில்களில் பத்துக்கு எட்டில் குறை அடியில்தான் இருந்தது. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கண்ணை மறைக்கும், அது நல்லதுதான், ஆடு தெரியாவிட்டால் நாய்க்கு வேகம் வராது. ஆனால் அடி ஓலை கறையான் தின்று ஒரு மாரி போனதும் இற்றுவிடும், மூக்கால் தள்ளினாலே பொட்டு விழும். காய்ந்த கிளைகளால் அடைத்த அலம்பல் வேலியும் அப்படித்தான். வலையின் அடியை ஓரடி ஆழம் கிடங்கு வெட்டித் தாழ்க்கலாம். மேலே கிளம்பி நிற்கிற சுண்ணக்கல்லில் அலவாங்கு இறங்காத இடம் என்றால், வலையை வெளிப்பக்கமாக இரண்டடி நிலத்தில் விரித்து, மேலே கல்லை அடுக்கி விடுங்கள். தோண்ட வருகிற விலங்கு வேலியோடு ஒட்டித்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குப் புத்தி போவதில்லை. காசில்லாதவர்களுக்கு எங்கள் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது, கருக்குமட்டை. அரம் போன்ற விளிம்பு வெளியே பார்க்கும்படி பனங்கருக்கை அடியில் நெருக்கமாக நட்டு வரிந்துவிட்டால், எந்த நாயும் முகத்தைக் கொடுக்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கொட்டிலின் அடி முழுக்க அதுதான், ஒரு சதம் செலவில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். படலைக்கும் நிலத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு பனங்குற்றியைக் குறுக்கே புதைத்து விடுங்கள்.

பரண் கொட்டில் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். தவறு. பனஞ்சலாகைத் தளத்துக்குக் கீழே நாய் புகுந்து, இடைவெளியால் தெரிகிற குட்டியின் காலைக் கடித்த சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன். பரணின் அடியையும் வலையால் சுற்றி, எரு அள்ள ஒரு கதவு வையுங்கள்.

இரவு சரியானாலும் பகல் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆடு சாகிற மற்ற இடம் தரவை என்கிற திறந்த புல்வெளியும் பற்றைக்காணியும்தான், அதுவும் கட்டையில் கட்டிய ஆடு. அவிழ்ந்த ஆடு வீட்டை நோக்கி ஓடும், மதிலில் ஏறும். கட்டிய ஆட்டுக்குக் கயிற்றின் நீளம்தான் உலகம், கத்திக் கத்திக் கட்டையைச் சுற்றிச் சுருக்குப்பட்டு நிற்கும். செம்மறி கத்தவும் கத்தாது, வாய் பேசாமல் சாகும். என்னுடைய இரண்டு சினைச் செம்மறிகளை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன முக்கால் மணித்தியாலத்தில் இழந்தேன், நூறு யார் தூரத்தில்தான் வீடு, ஒரு சத்தமும் கேட்கவில்லை. கட்டுவதென்றால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கட்டுங்கள், ஒன்றைத் தனியாகக் கட்டாதீர்கள், குட்டி உள்ள தாயை வெளியில் கட்டவே வேண்டாம். வெட்டிய குழையைக் கொட்டிலில் போடுங்கள். பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாகவே வேலியில் நிற்கின்றன, குட்டிக்கு ஒரு மாதம் ஆகும் வரைக்கும் அது போதும்.

குட்டி ஈனும் நேரத்தையும் கவனியுங்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கிடாயிடம் விட்ட நாளைக் கலண்டரில் குறித்து வைத்தால், ஈன ஐந்து நாளுக்கு முதலே தாயை உள்ளே எடுக்கலாம். வெளியில் ஈன்றால் நரிக்கும் நாய்க்கும் முதல் காகம் வரும், ஈரம் காயாத குட்டியின் கண்ணையும் தொப்புளையும் கொத்தும். இளங்கொடியை அப்படியே விடாதீர்கள். மாட்டினது என்றால் ஓலையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம், ஆட்டினதை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். செத்த ஆட்டையும் அப்படியே. பற்றைக்குள் எறிகிற ஒவ்வொரு உடலும் ஊர் நாய்களுக்கு ஆட்டிறைச்சியின் வாசனையைப் பழக்குகிறது. ஒழுங்கை முகப்பில் கோழிக் கழிவு கொட்டுகிறார்கள் என்றால் அதைப் பிரதேச சபைக்கு எழுதுங்கள், நாய்கள் கூடுகிற இடம் அதுதான்.

மருந்து வைப்பதைப் பற்றி உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வைக்காதீர்கள். நஞ்சு வைத்த இறைச்சியை நரிதான் தின்னும் என்று நீங்கள் கட்டளை போட முடியாது. அயல் வீட்டு நாய், பூனை, பருந்து, காகம் தின்னும், காகம் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போடும், ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளை எடுக்கும். சட்டத்துக்கும் விரோதம். எல்லாவற்றுக்கும் மேலே, பலனும் இல்லை. இருந்த நாய்கள் செத்தால் அந்தக் குப்பைக்கும் அந்த ஒழுங்கைக்கும் புதிய நாய்கள் வரும், அவை தடுப்பூசி போடாதவையாக இருக்கும். நாய்களுக்குக் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் போட வைப்பதுதான் நின்று பலன் தருவது. கால்நடை வைத்திய அதிகாரியிடமும் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஊரோடு சேர்ந்து போய்க் கேளுங்கள், தனி ஒருவர் கேட்பதைவிட எடுபடும். நாயின் சொந்தக்காரர் தெரிந்தால், சண்டைக்குப் போகாமல் கடிபட்ட ஆட்டின் படத்தைக் காட்டி, இரவில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கிராம அலுவலரிடம் போகலாம். கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதும் இதே கதைதான், இன்னும் மோசம். நரி சாவதற்கு முதல், விடியப்புறம் தண்ணீர் இறைக்க வருகிற மனிதன் சாவான். இதற்கென்று விற்கிற மின்வேலிக் கருவி வேறு, அது விட்டுவிட்டு ஒரு கணம் மட்டும் அடிக்கும், உயிரை எடுக்காது. ஆனால் கோடையில் எங்கள் காய்ந்த மணலில் பூமித்தொடுப்பு சரியாக வேலை செய்யாது. கிணற்றடி ஈரத்தில் கம்பியை இறக்க வசதி இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

சாதி நாய் பற்றி என் அபிப்பிராயம்: வாங்க வேண்டாம். ஆடு காக்கிற நாய் சாதியால் வருவதைவிடப் பழக்கத்தால் வருவது. இரண்டு மாதக் குட்டியாகக் கொட்டிலுக்குள்ளேயே ஆட்டோடு வளர்ந்து, ஒன்றரை இரண்டு வயதில்தான் நம்பக்கூடியதாக ஆகும். நடுவில் விளையாட்டாக உங்கள் குட்டிகளையே கடிக்கும், அப்போது ஆள் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். வளர்ந்த நாயை வாங்கி வந்து காவலுக்கு விட்டால், இன்னொரு கடிக்கும் நாயைக் காசு கொடுத்து வாங்கியதாகவும் முடியலாம். உங்களுக்குப் பொறுமை இருந்தால் ஊர்க்குட்டி ஒன்றை இப்படி வளர்த்துப் பாருங்கள், அது அடுத்த வருடத்துக்கான வேலை. கழுதை காவல் காக்கும் என்று கேள்விப்பட்டு மன்னாரில் இருந்து கொண்டுவர நினைப்பவர்களும் உண்டு. கழுதைக்கு நாயைப் பிடிக்காது என்பது உண்மை, ஆனால் நாலைந்து நாய் சேர்ந்து வந்தால் ஒரு கழுதையால் சமாளிக்க முடியாது, எட்டுப் பரப்பில் அதற்குத் தீனும் இல்லை. சூரிய ஒளி விளக்கும் வானொலியும் முதல் சில இரவுகளுக்கு உதவும், பிறகு விலங்கு பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

கடிபட்ட தாயாட்டை இப்போதே பாருங்கள். நாய்க்கடி வெளியில் நாலு ஓட்டையாகத் தெரியும், உள்ளே தோலும் சதையும் பிரிந்து கிடக்கும், சில நாளில் சீழ் வைத்துச் சாகவும் கூடும். கையுறை போட்டு, மயிரைக் கத்தரித்து, சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். காயத்துக்குள் மஞ்சளோ கரியோ அடையாதீர்கள், தைக்கவும் வேண்டாம். ஈ மொய்க்காமல் காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசலாம், காயத்துக்குள் அல்ல. ஊசி மருந்தைக் கால்நடை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கடித்த நாய்க்கு விசரா இல்லையா என்று தெரியாததால், விசர்நாய்த் தடுப்பூசியைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அந்த ஆடு குரல் மாறிக் கத்தினாலோ, எச்சில் வடித்தாலோ, விழுங்க முடியாமல் நின்றாலோ, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அதன் பாலும் இறைச்சியும் வேண்டாம். காயத்தைக் கழுவியபோது உங்கள் கையில் கீறல் இருந்திருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் தொடங்கிய பிறகு மனிதருக்கும் மருந்தில்லை. பகலில் பயமில்லாமல் வளவுக்குள் வருகிற நரியையும் இதே கண்ணோடு பாருங்கள், கிட்டப் போகாதீர்கள்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த நேரத்தில் விற்றால் வியாபாரி உங்கள் பயத்துக்குத்தான் விலை சொல்வார். கடிபட்டதை இறைச்சிக்கு விற்கவே கூடாது. மற்றவற்றில் சினையாடுகள் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. துரத்துப்பட்ட சினையாடு வெளியில் ஒரு கீறலும் இல்லாமலே அடுத்த சில நாட்களில் சினை கலைந்து குட்டியைப் போட்டுவிடக்கூடும், ஆகவே இரண்டு கிழமைக்கு அவற்றைத் தனியாக, நிழலில், நல்ல தண்ணீரோடு வைத்திருங்கள். அப்படிக் கலைந்து விழுந்தால் அதை வெறுங்கையால் தொடாமல் புதைத்துவிட்டு, அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். மணலில் தடம் விழுந்தால் பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், அளவு தெரியும், நான் பார்த்துச் சொல்கிறேன்.